கான் அகாடமியில் பாடம் தேடுவதும் ஒதுக்குவதும்: மாநிலப் பாடத்திட்ட ஆசிரியர் ஒருவரின் மதிப்புரை

திண்டுக்கல்லில் என் வீட்டு மாடியில் மாலை நேரங்களில் கணித டியூஷன் நடத்துகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு படிக்கும் 28 பிள்ளைகள் வருகிறார்கள். நான் கொடுத்தனுப்பும் கணக்குகளை அவர்கள் தாங்களாகப் போட்டார்களா, அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதினார்களா என்பது பல ஆண்டுகளாக எனக்குத் தெரியாமலே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு ஆண்டுகளாக, இணையவழிக் கல்வித் தளமான கான் அகாடமியின் ஆசிரியர் கணக்கைப் பயன்படுத்துகிறேன். அதன் காணொளிகளின் தரத்தைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. ஆகவே ஓர் ஆசிரியர் தமக்கு வேண்டிய பாடத்தை அங்கே எப்படிக் கண்டெடுப்பது, கண்டெடுத்ததைப் பிள்ளைகளுக்கு எப்படி ஒதுக்கிக் கொடுப்பது என்பதை மட்டுமே இங்கே பேசுகிறேன்.

உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்கு 2004 இல் தொலைவிலிருந்தபடியே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சல்மான் கான் (நடிகர் அல்லர்) 2008 இல் லாப நோக்கமற்ற நிறுவனமாக உருவாக்கியது இது. பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் கட்டணம் கிடையாது. வகுப்பு ஒன்றை உருவாக்கியதும் ஒரு குறியீடு கிடைக்கும். அதைக் கொடுத்து மாணவர்களைச் சேர்க்கலாம். மின்னஞ்சல் இல்லாத பிள்ளைகளுக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் நாமே உருவாக்கித் தரலாம். இந்த வேலைகள் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

தேடுவதுதான் பெரிய வேலை. இந்தியப் பாடங்கள் அங்கே வகுப்புவாரியாக, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பயன்படுத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களின் அத்தியாய வரிசையை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. சி.பி.எஸ்.இ. ஆசிரியருக்கு இதைவிட வசதி வேறில்லை. நமக்கோ அந்த அடுக்கு பொருந்துவதில்லை, ஏனென்றால் நம்முடைய ஒன்பதாம் வகுப்புக் கணிதம் கணமொழியில் தொடங்கி, மெய்யெண்கள், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் என்று போகிறது, என்.சி.இ.ஆர்.டி-யில் கணங்கள் பதினொன்றாம் வகுப்பிலும், முக்கோணவியல் பத்தாம் வகுப்பிலும்தான் அறிமுகமாகின்றன. ஒன்பதாம் வகுப்பு என்ற தலைப்பைத் திறந்து முக்கோணவியலைத் தேடும் ஆசிரியர் அது அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாம் வகுப்பின் முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் இன்னும் சிக்கலானது: அதன் பெரும்பகுதிக்குரிய பயிற்சிகள் அங்கே பதினொன்றாம் வகுப்பில் இருக்க, சார்புகளின் சேர்ப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டும்.

ஆகவே வகுப்பின் பெயரை மறந்துவிட்டு, கருத்தின் ஆங்கிலப் பெயரைக் கொண்டு தேடுவதே சரியான வழி என்பது என் அனுபவம். அப்படித் தேடும்போது இந்தியப் பாடங்களோடு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி வடிவியல், இயற்கணிதம் ஆகியவற்றின் பயிற்சிகளும் கலந்து வரும். இதைத் தொல்லை என்று பலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனென்றால் சைன், கொசைன் விகிதங்களுக்கு அந்த வடிவியல் பாடத்தில் உள்ள படங்களோடு கூடிய பயிற்சிகள் நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. அளவியலில் மட்டும் கவனம் வேண்டும். அடியும் அங்குலமும் எட்டிப் பார்க்கும்.

எந்தப் பயிற்சியையும் நான் ஒரு முறை போட்டுப் பார்க்காமல் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதில்லை. தலைப்பு ஒன்றாக இருந்தாலும் கணக்கின் கடினம் வேறாக இருக்கும்; வென் படத்தைப் பார்த்து வெட்டுக் கணத்தை எழுதச் சொல்லும் பயிற்சிக்கும், குறியீட்டிலேயே நிரப்பியைக் கேட்கும் பயிற்சிக்கும் தூரம் அதிகம். அப்படிப் பார்த்துத் தேர்ந்தவற்றை நூறு பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன்: இடப்பக்கம் நம் புத்தகத்தின் பயிற்சி எண், வலப்பக்கம் அங்கே அது இருக்கும் பாடமும் அலகும். முதல் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமைகள் பல அந்த நோட்டுக்கே போயின. இரண்டாம் ஆண்டில் அதைப் புரட்டினாலே போதும் என்றாகிவிட்டது.

தேடல் முடிந்தால் ஒதுக்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பாடத்தையும் அலகையும் விரித்து, வேண்டிய காணொளி, கட்டுரை, பயிற்சி ஆகியவற்றின் கட்டங்களில் குறியிட்டு, யாருக்கு, எந்த நாள் எத்தனை மணிக்குள் என்று தெரிவித்து, அசைன் பொத்தானை அழுத்தினால் பிள்ளைகளின் பக்கத்தில் அது வந்து நிற்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கணக்குகளைக் கொடுக்கலாம்; ஆளுக்கு வேறு வேறு எண்களோடும் கொடுக்கலாம். நான் எப்போதும் இரண்டாவதையே தேர்கிறேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் விடை மட்டும் பரிமாறிக்கொள்ளும் பழக்கம் அதனாலேயே நின்றது, ஏனென்றால் ஒருவனின் விடை இன்னொருவனுக்குப் பயன்படாது. வழிமுறையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். வகுப்பில் பலகையில் விளக்கப்போகும் கணக்குகளுக்கு மட்டும் ஒரே தொகுப்பைக் கொடுப்பது வசதி.

இந்த எளிமையே என்னை ஒரு முறை மாட்டிவிட்டது. ஆயத்தொலை வடிவியல் தொடங்கிய வாரத்தில், இரவு பத்து மணிக்கு மேல் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து, அலகு முழுவதற்கும் குறியிட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் மாலை முதல் ஆளாக வந்த மாணவி செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றபடி போனை நீட்டி, “மிஸ், இது எல்லாமே நாளைக்குள்ளேயா?” என்று கேட்டாள். வரிசையாக இருபதுக்கு மேல் இருந்தன. தவறு என்னுடையது; அன்றிலிருந்து ஒரு தடவைக்கு ஒரு காணொளி, இரண்டு பயிற்சி என்று வரம்பு வைத்துக்கொண்டேன். ஒரு பயிற்சியில் பெரும்பாலும் 4 அல்லது 7 கேள்விகள்தான் இருக்கும் என்பதால் ஒரே போனை அப்பாவுடன் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகூட அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

போனைப் பகிர்வதில் இன்னொரு விஷயமும் உண்டு. அக்காவும் தம்பியும் என்னிடம் படிக்கும் வீட்டில், அக்காவின் கணக்கிலிருந்து வெளியேறாமலே தம்பி தன் பயிற்சியைப் போட்டுவந்திருக்கிறான். பத்தாம் வகுப்புப் பெண்ணின் பெயரில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குகள் குவிந்திருந்ததைப் பார்த்து நான் இரண்டு நாள் குழம்பினேன். இப்போது பயனர்பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கைப் பக்கம் சிக்கனமானது, தேவையானதைத் தருவது. யார் முடித்தார்கள், எத்தனை முறை முயன்றார்கள், அதில் சிறந்த மதிப்பெண் எது என்பது தெரியும். மதிப்பெண்ணைவிட முயற்சிகளின் எண்ணிக்கையை நான் முதலில் பார்ப்பேன். முதல் முறையிலேயே முழு மதிப்பெண் வாங்கியவனும் ஐந்தாவது முறையில் அதை எட்டியவளும் எனக்கு வேறு வேறு செய்திகளைச் சொல்கிறார்கள். ஐந்து முறை உட்கார்ந்தவளைத்தான் மறுநாள் பலகைக்கு அழைப்பேன். குறிப்பு கேட்டுப் போட்ட கணக்கு தவறானதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் எல்லாம் சரியாகப் போட்டும் மதிப்பெண் குறைந்துவிட்டது என்ற முறையீடு வரும். 70 விழுக்காட்டுக்கு மேல் ஒரு நிலை, முழுமையாகச் சரி என்றால் அடுத்த நிலை, அலகுத் தேர்விலும் சரியாகச் செய்தால் உச்சநிலை என்ற படிக்கட்டும் உண்டு. பிள்ளைகள் அதில் ஏற ஆசைப்படுகிறார்கள். நான் அதை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன்.

இதற்கு முன் வேலை பார்த்த பள்ளியில் கட்டணச் செயலி ஒன்றை வாங்கியிருந்தார்கள், பெயர் வேண்டாம். அதில் பாடத்தைக் கண்டெடுத்து ஒதுக்கிய பிறகு, பிள்ளை காணொளியைத் திறந்தாலே முடித்ததாகப் பச்சை விழும். கணக்குப் போட்டதா என்பதற்கு அங்கே இடமே இல்லை. தேடும் எளிமையில் முதலிடம் கொடுக்கவேண்டியது நம் அரசுப் பாடநூல்களில் அச்சிட்ட கியூஆர் குறியீடுகளுக்குத்தான்: பக்கத்தின் மேல் போனைக் காட்டினால் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான திக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்குரியது திறந்துவிடும், வகுப்பு மாறிப் போகும் பேச்சே இல்லை. புதிய கருத்தை விளக்க அதையும், வீட்டுப் பயிற்சிக்குக் கான் அகாடமியையும் நான் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

நான் பயன்படுத்துவது ஆங்கிலப் பதிப்பு என்பதால், தமிழ்வழிப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குச் சொற்பட்டியல் ஒன்று தயாரித்துக் கொடுத்தேன்: பல்லுறுப்புக்கோவை, விகிதமுறு எண், நடுக்கோடு, இடைநிலை அளவு என்று அலகுக்கு இருபது சொற்கள், எதிரே அவற்றின் ஆங்கிலப் பெயர்கள். இரண்டு மூன்று வாரங்களில் பட்டியலைப் பார்க்காமலே பயிற்சிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். வார்த்தைக் கணக்குகளை மட்டும் அவர்களுக்கு இன்னும் ஒதுக்குவதில்லை. அவற்றைப் பலகையில் தமிழிலேயே எழுதிப் போடுகிறேன்.