ரூட்டரை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்

மூன்று வருடமாக என்னிடம் இருக்கும் ஒரு கார் ரேஸ் கேமைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும், அப்படி ஒன்றும் இல்லை. தள்ளுபடியில் 1,600 ரூபாய்க்கு வாங்கினேன், இறக்க 92 ஜிபி, இதுவரை ஆடியது 210 மணி நேரத்துக்கு மேல். நன்றாக இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நனைந்த ரோட்டில் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை ஒரு பொட்டு கூடுதலாகத் தொட்டால் வண்டியின் பின்பக்கம் மெல்ல வழுக்கும் பாருங்கள், அதற்காகவே எத்தனையோ ராத்திரி தூக்கத்தை விட்டிருக்கிறேன்.

ஆனால் இது நான் தனியாக மட்டுமே ஆடும் கேம். ஆன்லைனில் யாரோடும் போட்டி போட்டதில்லை, போடும் ஆசையும் இல்லை. எதிரே ஓடும் 11 கார்களையும் ஓட்டுவது என் மேஜைக்கு அடியில் இருக்கும் பிசிதான், ஃபேன் போடும் சத்தத்திலேயே அது தெரியும். அப்படியிருந்தும் நெட் இல்லையென்றால் முதல் திரையைத் தாண்ட விடாது. பாதியில் நெட் போனால் பாதியிலேயே வெளியே தள்ளிவிடும்.

வீடு மன்னார்குடியில். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே நல்ல மழை, 24 சுற்று ரேஸில் 21-வது சுற்று, இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருக்கிறேன். திரையின் வலது மூலையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றினாலே என் விரல் தானாக வேகத்தைக் குறைத்துவிடும், ஏதோ மெதுவாகப் போனால் நெட் வந்து சேர்ந்துகொள்ளும் என்பதைப் போல. பத்துப் பதினைந்து வினாடி சுற்றியிருக்கும், அப்புறம் எல்லாம் கறுப்பு, 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்று ஒரு வரி, கீழே 'சரி' என்று ஒரு பட்டன். வேறு பட்டன் கிடையாது. 50 நிமிடம் ஓட்டியதற்கு ஒரு பைசா கணக்கில் ஏறவில்லை. கேபிள் அண்ணனுக்குப் போன் போட்டால், "தேரடிகிட்ட ஜேசிபிக்காரன் வயரை இழுத்துட்டுப் போயிட்டான் தம்பி, மழை விடட்டும், ஜாயின்ட் போட ஆள் அனுப்புறேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அவர் மழையில் கம்பத்தில் ஏறும் மனுஷன். 2021-இல் மின்வெட்டுக்கு அணில் காரணம் என்று அமைச்சர் சொன்னபோது ஊரே சிரித்தது, நானும்தான். ஆனால் என் வீட்டு ஃபைபர் வயரை இரண்டு முறை அணில் கடித்திருக்கிறது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கரன்ட் போனால் அது தனிக் கதை. இன்வெர்ட்டர் இருக்கிறது, பிசிக்கு யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் இன்வெர்ட்டர் கைமாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் ரூட்டர் அணைந்து எரியும். மறுபடி நெட் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம், அதற்குள் கேம் என்னை வெளியே தள்ளியிருக்கும். அதற்காக 1,400 ரூபாய்க்கு ரூட்டருக்கென்று ஒரு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வாங்கி மாட்டினேன். கேம் விலையைத் தொடுகிற செலவு, அதுவும் கேமுக்குள் இருக்கும் எதற்காகவும் இல்லை. அதுவும் முழுசாக உதவவில்லை, ஏனென்றால் தெருமுனையில் இருக்கும் கேபிள் பெட்டியின் பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். வைஃபை வேண்டாம், வயரில் இணைத்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. வயரில்தான் ஐயா இணைத்திருக்கிறேன்.

இது என் ஒருத்தன் வீட்டுப் பிரச்சினை இல்லை. 2010-இல் யுபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் 'அசாசின்ஸ் க்ரீட் 2' பிசிக்கு வந்தபோதே ஆடி முடிக்கும்வரை நெட் இருந்தாக வேண்டும் என்று வைத்தார்கள், வெளியான சில நாளிலேயே அவர்கள் சர்வர் தாக்குதலில் படுத்து, காசு கொடுத்து வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். 2012 மே மாதம் 'டயப்லோ 3' வெளியான நாளில் உள்ளே நுழைய முடியாமல் உலகமே 'எரர் 37' என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதே கேம் அடுத்த வருடம் டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கு வந்தது, நெட் இல்லாமலே ஆடலாம். அப்படியென்றால் முடியாது என்பது தொழில்நுட்பம் சொன்ன பதில் இல்லையே, யாரோ மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நகரம் கட்டி ஆளும் 'சிம் சிட்டி' கேம். 2013 மார்ச்சில் வந்தது, முதல் வாரம் சர்வர் தாங்கவில்லை. கணக்குப் போடும் வேலையில் கணிசமான பங்கை எங்கள் சர்வர்தான் செய்கிறது, ஆஃப்லைன் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். அந்த மாதமே ஒரு ஆர்வலர் கேமின் புரோகிராமைக் கொஞ்சம் நோண்டி நெட் இல்லாமல் நகரத்தை ஓட்டிக் காட்டினார். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், கம்பெனியே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது. லேசுப்படாத காரியம் நடந்துவிட்டது. 'கிரான் டூரிஸ்மோ 7' என்ற கார் ரேஸ் கேம் 2022 மார்ச்சில் ஒரு அப்டேட் கோளாறால் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கியபோதும் இதே கூத்துதான், தன் கேரேஜில் தன் காரை வைத்திருந்தவர்கள் கதவைத் திறக்க முடியாமல் நின்றார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு பதில் வரும். திருட்டுக் காப்பியைத் தடுக்க என்பது ஒன்று. ஹாஸ்டல் பக்கம் போய்ப் பாருங்கள், பூட்டை உடைத்து, அதாவது கிராக் பண்ணி, ஹார்ட் டிஸ்கில் கைமாற்றிய கேமை ஆடுபவனுக்குத்தான் எந்தச் சர்வர் தொல்லையும் கிடையாது, முழுக் காசு கொடுத்த நான்தான் வாசலில் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். யாரும் ஏமாற்றாமல் இருக்க என்பது அடுத்தது. தனியாக ஆடும்போது நான் யாரை ஏமாற்றுவது, என் பிசியையா? இவர்கள் வாயால் சொல்லாத காரணம் கேமுக்குள்ளேயே இருக்கும் கடை. காருக்கு ஸ்டிக்கர், காரைச் சீக்கிரம் திறக்கக் காசு, வாராவாரம் ஒரு தள்ளுபடி. கடை திறந்திருக்க நெட் வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்பது என் எண்ணம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதுதான் இது எனக்கு முதலில் உறைத்தது. ஊரில் நின்ற கம்பத்தைவிட விழுந்த கம்பம் அதிகம், எங்கள் தெருவுக்குக் கரன்ட் வர 13 நாள் ஆனது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாக வருவார்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை, அந்த நேரத்துக்குள் டேங்கில் தண்ணீர் ஏற்றி, போனை எல்லாம் சார்ஜ் போட வேண்டும். அந்த அவசரத்தில் நான் லேப்டாப்பையும் செருகியதற்கு அம்மா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. லேப்டாப்பில் இரண்டு கேம் இருந்தது. அந்த வருடம் வாங்கிய புதுசு, நெட்டைச் சரிபார்க்கவும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது, சரிபார்க்க ஊரில் டவரே இல்லை. இன்னொன்று 'கிரிக்கெட் 07', அந்த வயதில் யார் லேப்டாப்பில்தான் அது இல்லை. அது எதையும் கேட்காமல் டாஸ் போட்டது. பக்கத்து வீட்டுப் பொடியன்கள் நாலு பேர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுற்றி உட்கார, பேட்டரி தீரும்வரை ஐந்து ஓவர் மேட்ச் நடந்தது. புயலுக்கு 12 வருடம் முன்னால் வந்த கேம் அது.

நெட்டே ஆகாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். போன வருடம் பிசியின் எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று செத்தபோது வேறொரு கேமில் 80 மணி நேரம் ஆடியதன் சேவ் ஃபைல் முழுசாகத் திரும்பி வந்தது, நெட் வழியே கம்பெனி சர்வரில் பிரதி வைக்கும் கிளவுடால்தான். நெட் இருந்தால் சேவ் ஃபைலை அனுப்பி வை, இல்லையென்றால் என் டிஸ்கில் வைத்துக்கொள், வந்ததும் அனுப்பு. இதைச் செய்யும் கேம்கள் எத்தனையோ இருக்கின்றன.

வெளியே தள்ளப்படுவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. 'தி க்ரூ' என்ற யுபிசாஃப்ட் ரேஸ் கேம், 2014-இல் வந்தது, அமெரிக்கா முழுக்கக் கார் ஓட்டலாம், தனியாக ஆடக் கதையும் உண்டு. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள், அன்றோடு டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவனுக்கும் கேம் இல்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் கோரிக்கை மனு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில், நீங்கள் வாங்குவது கேமை இல்லை, உரிமத்தைத்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லி விற்க வேண்டும் என்று 2024-இல் சட்டமே போட்டார்கள். பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் இப்போது காசு கட்டும் பக்கத்திலேயே அந்த வரி இருக்கிறது. சொல்லிவிட்டுத் திருடுவது கொஞ்சம் மரியாதைதான்.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், கிடைக்கிற கேமை ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் வாங்கிவிடுகிறேன். அங்கே இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்கில் போட்டுவைத்துக்கொள்ளலாம், அப்புறம் எவன் சர்வரும் தேவையில்லை. ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம் இல்லையா, அந்த இரண்டு மணி நேரத்தைக் கேம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் செலவழிப்பதில்லை. ஒருமுறை நெட்டோடு திறந்து மூடிவிடுவேன். அப்புறம் ரூட்டரை அணைத்துவிட்டுத் திறப்பேன். சில கேம் ஸ்டீமைத் தாண்டி, கேமைத் திறந்துவிடும் கம்பெனியின் இன்னொரு ஆப்பை, லாஞ்சர் என்பார்கள், அதைத் திறந்து லாகின் கேட்கும், அங்கேயே தெரிந்துவிடும். திறந்தால், மறுபடி ரூட்டரைப் போட்டு ஆட ஆரம்பித்து, ஒரு மிஷனின் நடுவில் வயரைப் பிடுங்குவேன். பத்து நாள் நெட் இல்லாமல் இருந்தால் திறக்குமா என்பதை மட்டும் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு இன்னொரு கஜாதான் வர வேண்டும்.

போன மாதம் ஒன்றை 38-வது நிமிடத்தில் திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'எங்கள் ஊரில் மழைக்காலம்' என்று போட்டேன். நாலாம் நாள் பணம் வந்துவிட்டது.