லேண்ட் ரோவருக்கு பிரேக் சாமான் தேடிய ஏழு ஆண்டுகள்

அப்பா விட்டுச்சென்ற வண்டி அது. 88 அங்குல லேண்ட் ரோவர், சீரிஸ் 3. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்தான் அந்த 88 அங்குலம். கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், 1976 என்று இருக்கிறது. மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து முட்டைக்கோஸை இன்றும் அதுதான் சுமக்கிறது. இஞ்சின் எனக்குப் பெரிய தொல்லை தந்ததில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றதெல்லாம் பிரேக்தான்.

ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. அந்த வளைவுகளில் இது உயிர் போகும் விஷயம். உடனே நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது), வீல் சிலிண்டர் (அந்த ஷூவைத் தள்ளுவது), ஸ்பிரிங் எல்லாவற்றையும் வண்டியின் ஆண்டைச் சொல்லி வாங்கினேன். 88 அங்குல வண்டிக்கு 10 அங்குல டிரம், 109 அங்குல வண்டிக்கு 11 அங்குல டிரம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பின்சக்கரங்களில் எல்லாம் பொருந்தின. முன்சக்கரத்தைத் திறந்தால், டிரம்முக்குள் புது ஷூ சிறுபிள்ளை போலக் கிடந்தது.

ஈப்போவில் லேண்ட் ரோவர் மட்டுமே பார்க்கும் வயதான போமன் (மெக்கானிக்) ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "தம்பி, கிராண்டை மூடி வை. டிரம்மை அள." முன்னால் இருந்தவை 109 வண்டியின் 11 அங்குல பிரேக்குகள். எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். மலையில் ஓடிய வண்டிகளில் இது சாதாரணம். அன்றன்று கிடைத்ததைப் போட்டு ஓட்டியவர்களின் வண்டிகள் இவை. ஆண்டைச் சொல்லி பிரேக் சாமான் வாங்குவதை நான் அன்றோடு விட்டேன்.

சக்கரத்தைக் கழற்றாமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். முன்சக்கரத்தின் பேக் பிளேட்டுக்கு, அதாவது டிரம்மை உட்பக்கம் மூடும் தகட்டுக்கு, பின்னால் படுத்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர்களை இணைக்கும் சிறு குழாய் தெரிந்தால் அது 11 அங்குல வகை. ஒரே சிலிண்டர் என்றால் பெரும்பாலும் 10. திறந்தபின் அளந்து உறுதி செய்யுங்கள்: டிரம்மின் உள்விட்டம் 254 மில்லிமீட்டரா 279 மில்லிமீட்டரா, லைனிங்கின் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் தேயும் பட்டையின்) அகலம் 38 மில்லிமீட்டரா 57 மில்லிமீட்டரா. தேய்ந்த டிரம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஆனாலும் இவை இரண்டும் குழம்பாது.

இரண்டு சிலிண்டர் வகையில் ஷூ இரண்டும் டிரம் சுழலும் திசையோடு சேர்ந்து உள்ளிழுக்கப்படுவதால் முன்னோக்கிப் போகையில் பிடி அபாரமாக இருக்கும். சரிவில் பின்னோக்கி உருளும்போது அதே ஷூக்கள் எதிர்த்திசைக்கு வந்துவிடுவதால் பிடி குறையும். தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இடது பேக் பிளேட்டை வலதில் மாட்டிவிட்டால் முன்னோக்கி ஓடும்போதே இந்த நிலைதான். என் வண்டியில் அந்தத் தவறு இல்லை. இடப்பக்க இழுப்புக்குக் காரணம், வலது சக்கரத்தின் ஒரு சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது.

அடுத்த இடி மரையில் வந்தது. பழைய குழாயின் நட்டு 3/8 அங்குல மரை. நான் வாங்கிய புது சிலிண்டரிலோ 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. இரண்டுக்கும் மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் நட்டு சுகமாக உள்ளே போகிறது. ஆனால் அது அரை மில்லிமீட்டர் மெலிது. இறுக்கும்போது கையில் சரியான பிடி கிடைக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் பலமாக மிதிக்கையில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றார். ஒன்றல்ல. பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய் அளக்கச் சொல்லி வாங்குங்கள்.

மிதி ஏன் ஆழமாகப் போகிறது, ஏன் இரண்டு முறை மிதித்தால்தான் நிற்கிறது என்று ஓராண்டு குழம்பினேன். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்து எடுத்துச் சலித்தேன். முன்னால் நான்கு சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரோ 88 வண்டியின் சிறியது. அவ்வளவு பிரேக் ஆயிலைத் தள்ள அதனால் முடியவில்லை. 109க்கு உரியதைப் போட்ட அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஷூவைப் பொறுத்தவரை என் முடிவு உறுதியானது. பழைய ஷூவின் இரும்பு நன்றாக இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். விலை குறைந்த புது ஷூக்களில் துளைகள் சற்று இடம் மாறியிருந்தன. லைனிங் டிரம்மில் பாதிதான் பட்டது. பழையதைக் கொடுத்து புது லைனிங் ஒட்டி வாங்கியது ஐந்தாவது ஆண்டாக ஓடுகிறது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டியின் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால், கைபிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கட்டை வைக்காமல் கீழே தலை கொடுக்கவே வேண்டாம்.

சென்ற மாதம் நான்கையும் திறந்து பார்த்தேன். முன் லைனிங் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. இடது பின் ஹப்பில் மட்டும் ஆயில் ஈரம் தெரிந்தது. சீல் வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மாற்ற வேண்டும்.