சுவரடியில் சுண்ணாம்புச் சாந்து: மூன்று மழைக்காலம் தாண்டியும் உதிரும் வெள்ளைத் தூள்

“சுவரடியில செங்கல் பொரிஞ்சு கொட்டுது. மேல சிமென்ட் பூசிடலாமா, இல்ல நீங்க பண்ண மாதிரி சுண்ணாம்பா?” என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சிமென்ட் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் சுண்ணாம்பைச் சிபாரிசு செய்துவிட்டு அந்த வெள்ளைத் தூளைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்தால், ஆறு மாதத்தில் திட்டு எனக்குத்தான் விழும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் சுண்ணாம்பு வைத்த சுவர் 230 மி.மீ. கனம். ஓதம் தடுக்கும் டிபிசி படலம் இல்லாத பழைய கட்டு. அடியில் ஏழு வரிசை கெட்டிருந்தது. முந்தைய ரிப்பேர் சிமென்ட் பாயிண்டிங், அதாவது செங்கல்களுக்கு நடுவிலுள்ள மூட்டுகளைச் சிமென்டால் அடைத்தது, என்பது பார்த்தாலே தெரியும்: செங்கல் குழிந்து போயிருக்கும், சுற்றிலும் சிமென்ட் கோடு மட்டும் சட்டம் போட்டதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். ஈரம் வெளியேற வேண்டிய மூட்டை அடைத்துவிட்டால் அது செங்கல் வழியாகத்தான் வரும். கூடவே கரைந்து வரும் உப்பு, மேல்தோலுக்குச் சற்று உள்ளே படிகமாகிப் பருத்து, தோலைத் தள்ளிவிடும்.

சுண்ணாம்பின் அருமை மழை விட்ட மறுநாள் காலையில் தெரியும். செங்கல் காய்ந்து வெளிறியிருக்கும், மூட்டு மட்டும் கருத்திருக்கும். ஈரம் எந்த வழியாகப் போகிறது என்று சுவரே கோடு போட்டுக் காட்டும். மூன்று மழைக்காலத்தில் புதிதாக ஒரு செங்கல்கூடப் பொரியவில்லை.

ஆனால் இந்தப் புகழில் பாதி மண்வெட்டிக்குப் போய்ச் சேரவேண்டியது. வெளித்தரை வருஷக்கணக்கில் உயர்ந்து உயர்ந்து உள்தரை மட்டத்துக்கே வந்திருந்தது. அதைக் குறைந்தது 150 மி.மீ. கீழே இறக்காமல் எந்தச் சாந்து வைத்தாலும் வீண். சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தளத்தைப் பெயர்த்துவிட்டு 300 மி.மீ. அகலத்துக்கு ஜல்லி போட்டால், மழைத்துளி தெறித்துச் சுவரில் அடிப்பதும் குறையும். தோண்டும்போது அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போய்விடக் கூடாது. மாடித் தண்ணீர்க் குழாயின் கீழ் வளைவையும் பாருங்கள். சுவரின் ஒரே இடம் மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி.

அதன்பின் காய விடணும். ஈரத்தின் மூலத்தை நிறுத்தியபின் மாதத்துக்கு 25 மி.மீ. கனம் காயும் என்பது தோராயக் கணக்கு. 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம் ஆகும். இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் பொறுமை போய்விடும், எனக்கும் சேர்த்து.

பழைய சிமென்டைச் சுரண்டக் கிரைண்டர் வேண்டாம். பிளேடு ஒரு கணம் விலகினாலும் செங்கலின் விளிம்பைத் தின்றுவிடும், அந்த விளிம்பு திரும்ப வராது. மெல்லிய உளியும் சின்னச் சுத்தியலும் போதும். ஆழம் மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு; 10 மி.மீ. மூட்டுக்கு 20 முதல் 25 மி.மீ. உள்ளே சதுரமாக முடியணும், ‘வி’ வடிவத்தில் விட்டால் சாந்து பிடிக்காது.

கலவை கன அளவில் சுண்ணாம்பு 1, மணல் 3. தரைக்கு அருகில் எப்போதும் ஈரமாக இருக்கும் வரிசைகளுக்கு, மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் சுர்க்கி (செங்கல் தூள்) சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். மணல் கழுவியதாக, கரடுமுரடாக இருக்கணும். கடல் மணல் போட்டால் உப்பை நாமே ஊட்டுவதுபோல. கலவை கெட்டியாக, உருண்டை பிடித்தால் கையில் ஒட்டாத பதத்தில் இருந்தால் போதும். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி, செங்கலுக்கும் சாந்துக்கும் நடுவில் முடி அளவு விரிசல் விழும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் புண்ணாக்கிவிடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

வைக்கும் முன் மூட்டை நனைக்கணும், ஆனால் தண்ணீர் வழிந்து நிற்கக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழாத அளவு இறுகியதும், விறைப்பான பிரஷ்ஷின் நுனியால் தட்டிவிடுங்கள். கரண்டியால் தேய்த்து மழமழப்பாக்கினால் மேலே ஒரு தோல் படிந்து, காற்று உள்ளே போகாமல், சுண்ணாம்பு இறுகத் தாமதமாகும். பிறகு ஒரு வாரத்துக்காவது ஈரக் கோணி தொங்கணும். வெயிலிலோ காற்றிலோ ஒரே நாளில் உலர்ந்த மூட்டை நகத்தால் கீறினால் மாவாகக் கொட்டும். எடுத்துவிட்டு மறுபடி வைப்பதைத் தவிர வழியில்லை.

செங்கல் மாற்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகம் மட்டும் போயிருந்தால் முதலில் செங்கலைச் சிதையாமல் வெளியே எடுத்து, திருப்பிப் பாருங்கள். பின்முகம் நன்றாக இருந்தால் அப்படியே திருப்பி வைக்கலாம், அளவும் நிறமும் தானாகவே பொருந்தும். ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக நாலைந்துக்கு மேல் உருவாதீர்கள். வைத்தது இறுகியபிறகு அடுத்த பகுதி.

இனி அந்தத் தூள். சுவர் காயக் காய, உள்ளே பல வருஷம் தேங்கிய உப்பு மேலே வந்து பூக்கும். முதல் வருஷம் இது நல்ல சகுனம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது வருஷமும் வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷோடு குனிந்தால் சமாதானம் எடுபடாது. தண்ணீரால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். தரையில் உதிர விட்டால் மண்ணோடு கலந்து மறுபடி ஏறும். கீழே தாள் விரித்துக் கூட்டி அள்ளித்தான் தீரணும். களிமண்ணும் காகிதக் கூழும் உப்பில்லாத தண்ணீரில் பிசைந்து 20 மி.மீ. கனத்துக்கு அப்பி, முழுக்கக் காய்ந்ததும் உரித்தால் நிறைய உப்பு அதோடு வரும். இரண்டு மூன்று தடவை செய்யணும். குறைகிறது, நிற்கவில்லை. அந்த உப்புகளில் சில காற்றிலிருந்தே ஈரம் உறிஞ்சுபவை. எங்கேயும் ஒழுகாதபோதும் புழுக்கமான நாளில் சுவர் வியர்த்து நிற்கும். பார்ப்பவர்கள் “ரிப்பேர் தோத்துப்போச்சு போல” என்பார்கள். அதற்குப் பயந்து மேலே சிலிக்கோன் பூச்சு அடித்தால் உப்பு அந்தப் படலத்துக்குப் பின்னால் சேர்ந்து செங்கலை உடைக்கும், பழைய கதைதான்.

செங்கலைக் காப்பாற்றிய வேலைக்கு நியாயமாக ஐந்துக்கு ஐந்து தரணும். மூன்றுதான் தருகிறேன். இன்று காலையும் ஒரு முறம் தூள் அள்ளினேன், அந்த எரிச்சல். சோபாவை ஒட்டிய உள்சுவர் என்றால் செய்யாதீர்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். வெளிச்சுவர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். மிஞ்சிய சுண்ணாம்புக் கூழை மூடி போட்ட வாளியில், மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. தரையை ஒட்டிய முதல் இரண்டு வரிசையின் மூட்டுக்கு அது மறுபடி தேவைப்படும்.