கிட் பிளேம் ரிவ்யூ: பழைய லைனை அழிக்கிறதுக்கு முன்னாடி ஓட்ட வேண்டிய கமாண்ட்

புரோகிராம்ல யாரோ எப்பவோ எழுதி வச்ச ஒரு இஃப் கண்டிஷன், பக்கத்துல கமெண்ட் கிடையாது, எழுதினவர் வேலைய விட்டுப் போய் பல வருஷம் ஆச்சு, இது எதுக்குன்னு டீம்ல யார கேட்டாலும் தெரியல. "சும்மா தானே கெடக்கு, தூக்கிடலாம்"னு கை பரபரங்கும் பாருங்க, அந்த நேரத்துக்குன்னே இருக்கிற டூல் தான் கிட் பிளேம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் கெர்னலுக்காக (அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) ஆரம்பிச்ச, கோட் மாற்றங்களையெல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்ல, எனக்கு பிராஞ்ச் மெர்ஜ் எல்லாத்தையும் விட பெரிய வசதியா தெரியறது இந்த கமாண்ட் தான்.

செய்யற வேலை சிம்பிள். ஒரு ஃபைலக் குடுத்தா ஒவ்வொரு லைனுக்கும் அதை கடைசியா மாத்தினது யாரு, எப்ப, எந்த கமிட்லன்னு (குறிப்போட சேமிச்ச ஒரு மாற்றம்) காட்டும். அந்த கமிட்டத் தொறந்து மெசேஜப் படிச்சீங்கன்னா அன்னைக்கு என்ன பிரச்சனை வந்துச்சு, ஏன் இந்தத் தடுப்பு போட்டாங்கன்னு தெரிஞ்சிடும், அதாவது யாராவது அதை எழுதி வச்சிருந்தா.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேக்கறவங்களுக்கு டெபியன்னு ஒரு லினக்ஸ் வகையில நடந்தத சொல்லணும். 2006ல அதோட ஓப்பன் எஸ்எஸ்எல்ங்கற என்கிரிப்ஷன் பேக்கேஜ்ல வால்கிரைண்ட்னு ஒரு மெமரி செக் பண்ற டூல் வார்னிங் குடுத்துட்டே இருந்துச்சு, அதை நிறுத்த ஒரே மாதிரி இருந்த ரெண்டு லைன எடுத்துட்டாங்க. அதுல ஒண்ணு போனா பெரிய சேதமில்ல, ஆனா இன்னொண்ணு தான் ரேண்டம் நம்பருக்கான மூலப்பொருள உள்ள கலக்கற லைன். அது போனதும் என்கிரிப்ஷன் சாவி உருவாக்கும்போது மாறிட்டு இருந்தது பிராசஸ் ஐடி (ஓடற புரோகிராமுக்கு சிஸ்டம் குடுக்கற நம்பர்) மட்டும் தான், அதுக்கு அதிகபட்சம் 32,768 வாய்ப்பு, ஒரு சாதாரண கம்ப்யூட்டரே அத்தனையும் போட்டுப் பாத்துடும். 2008 மே மாசம் வெளிய தெரியற வரைக்கும் அந்த மாத்தின பேக்கேஜ் இருந்த டெபியன், உபுண்டு மெஷின்கள்ல உருவான எஸ்எஸ்எச் (ரிமோட் லாகின்) சாவியும் சர்டிஃபிகேட்டும் எல்லாமே பலவீனம், எல்லாரும் திரும்ப உருவாக்க வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும் எடுத்தவர் அவசரக்காரர் இல்ல, எடுக்கலாமான்னு மெயிலிங் லிஸ்ட்ல கேட்டுட்டுத் தான் எடுத்தார். கேட்டும் தப்பாப் போச்சுன்னா, அந்த லைன் எதுக்குன்னு பக்கத்துலயே எழுதி வைக்காதது தான் பெரிய குறை, என் பார்வையில.

சரி, டூலுக்கு வருவோம். வெறும் பிளேம் மட்டும் ஓட்டினா பாதி நேரம் ஏமாந்துடுவீங்க, ஏன்னா யாராவது ஃபார்மேட்டர் ஓட்டி மொத்த ஃபைலோட இடைவெளியையும் சரி பண்ணியிருப்பாங்க, எல்லா லைனும் அந்த கமிட்டையே காட்டிட்டு நிக்கும். டபிள்யூ ஆப்ஷன் போட்டா இடைவெளி மாத்தினத கணக்குல எடுக்காது, கேப்பிட்டல் சி போட்டா வேற ஃபைல்லருந்து வந்த லைனோட பழைய இடத்தையும் தேடிப் பாக்கும். 2019ல வந்த 2.23 வெர்ஷன்லருந்து, குறிப்பிட்ட கமிட்டையெல்லாம் பிளேம் தாண்டிப் போகணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வைக்கலாம், பெரிய ஃபார்மேட்டிங் பண்ற ஒவ்வொரு டீமும் அன்னைக்கே இதை செஞ்சிடணும், பின்னாடி வர்றவங்களுக்கு செய்யற மரியாதை அது.

அதுக்கும் மேல, கமிட் வரலாறக் காட்டற கிட் லாக் கமாண்ட்ல கேப்பிட்டல் எஸ் ஆப்ஷன் இருக்கு, இதை நிறைய பேர் தொடறதே இல்ல, எனக்கு வருத்தமா இருக்கு. பிளேம் இப்ப இருக்கிற லைனுக்குத் தான் பதில் சொல்லும், இது ஒரு வார்த்தை முதல்ல எப்ப உள்ள வந்துச்சு எப்ப வெளிய போச்சுன்னு மொத்த வரலாற்றுலயும் தேடும், அழிஞ்சு போன லைனையும் சேர்த்து. நீங்க எடுக்க நினைக்கிற செக்க முன்னாடியே ஒருத்தர் எடுத்து, ஏதோ உடைஞ்சு, திரும்ப போட்டிருக்காங்கன்னு அப்ப தான் தெரிய வரும்.

குறைகள் இருக்கு. ஷாலோ க்ளோன் (கடைசி சில கமிட் மட்டும் இருக்கிற காப்பி) எடுத்திருந்தா பழைய வரலாறு கையிலயே இருக்காது, பிளேம் சொல்றத நம்பாதீங்க. வேற சிஸ்டம்லருந்து மாத்தும்போது வரலாற விட்டுட்டு "இனிஷியல் கமிட்"னு ஒரே மூட்டையா போட்டிருந்தா கதை அங்கயே முடிஞ்சுது. ஸ்குவாஷ் மெர்ஜும் அப்படித்தான், தனித்தனியா இருந்த காரணமெல்லாம் ஒரே கமிட்டுக்குள்ள போயிடும். எல்லாத்துக்கும் மேல "ஃபிக்ஸ்"னு ஒத்த வார்த்தையில மெசேஜ் எழுதறவங்க கிட்ட எந்த டூலும் ஒண்ணும் பண்ண முடியாது. கெர்னல்காரங்க இதுல ரொம்ப கறார், பிரச்சனை என்னன்னு விளக்கி எழுதணும், பழைய கமிட்ல வந்த பிழையத் திருத்தினா அந்த கமிட்டோட ஐடியில குறைஞ்சது முதல் 12 எழுத்த குறிப்பிடணும். எனக்கு அந்தக் கறார் ரொம்ப பிடிக்கும்.

இதைப் படிச்சிட்டு பழசு எதையும் தொடவே கூடாதுன்னு யாரும் எடுத்துக்காதீங்க. 1996 ஜூன் 4ல ஏரியன் 5 ராக்கெட் முதல் தடவை கிளம்பினப்ப, ஏரியன் 4லருந்து அப்படியே எடுத்துட்டு வந்த ஒரு கணக்கு கிளம்பின பிறகும் ஓடிட்டு இருந்துச்சு. பழைய ராக்கெட்ல அதுக்கு காரணம் இருந்துச்சு, புதுசுல கிளம்பின பிறகு அது தேவையே இல்ல, ஆனா யாரும் எடுக்கல. 64 பிட் எண்ண 16 பிட்ல அடைக்கப் பாத்து, கிட்டத்தட்ட 37 செகண்ட்ல வழிகாட்டுற சிஸ்டம் ரெண்டும் செத்து, ராக்கெட் வெடிச்சுது. காரணம் இப்ப உயிரோட இல்லன்னு தெரிஞ்சா தைரியமா அழிங்க, ஏன் அழிச்சீங்கன்னு கமிட் மெசேஜ்ல நாலு வரி எழுதிட்டு அழிங்க.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அரை மார்க் குறைச்சது இடைவெளி மாற்றத்த தாண்டறது டிஃபால்ட்டா இல்லாததுக்கு. புதுசா ஒரு டீம்ல சேர்றவங்க முதல் வாரமே இந்த ஆப்ஷனையெல்லாம் பழகிக்கோங்க, அலியாஸ் (கமாண்டுக்கு ஒரு சுருக்கப் பேர்) போட்டு வச்சுக்கிட்டா இன்னும் சுலபம்.