எம்ஜிபி பந்தயக் காருக்கு வெபர் 45 டிசிஓஇ: வாங்கலாமா?

பழைய கார் பந்தயத்துக்காக எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டுகிறவர்கள் காரோடு வந்த இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் கழற்றிவிட்டு, இரட்டைத் துளை கொண்ட ஒற்றை வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டரை மாட்டுவது வழக்கம். வெபர் இரண்டு தேவையில்லை. 1798 சிசி பி-சீரீஸ் இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இன்டேக் போர்ட் (கலவை உள்ளே போகும் வாய்) இரண்டுதான். வெபரின் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட்டுக்குப் போய்விடும்.

ஸ்பெயினில் தயாராகும் புதிய 152 வகை தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் வரும் ஜெட்களை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகுகள்) நம்பி டிராக்கில் இறங்க வேண்டாம். முதலில் வென்சுரி, அதாவது துளையின் குறுகிய கழுத்து: 36 மி.மீ. நல்ல தொடக்கம். அதை நாலால் பெருக்கினால் 144; மெயின் ஜெட் 145-ஐ ஒட்டி வரும். ஒரு துளை ஒரு சிலிண்டருக்கு என்று போட்ட கணக்கு அது. இங்கே ஒரு துளை இரண்டு சிலிண்டருக்குத் தீனி போடுவதால் பெரும்பாலும் அதைவிடப் பெரியதே கேட்கும். 1-2, 3-4 என்று சிலிண்டர்கள் போர்ட்டைப் பங்கிடுவதால் நான்கு ஸ்பார்க் பிளக்கும் ஒரே நிறம் காட்டாது. எது லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறதோ அதைப் பார்த்தே ஜெட்டை முடிவு செய்ய வேண்டும். சராசரியை நம்பினால் பிஸ்டன் போகும்.

ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது திக்கினால் பலரும் மெயின் ஜெட்டை மாற்றுகிறார்கள். அது வீண் வேலை. அந்த இடத்தில் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட் (ஐட்லிங் ஜெட்); முதலில் அதை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

பெட்ரோல் மட்டத்தை நிறுத்தும் மிதவையின் அளவில் அலட்சியம் கூடாது. மூடியை கேஸ்கெட்டோடு செங்குத்தாகப் பிடித்து, மிதவையின் நாக்கு நீடில் வால்வின் குண்டை அழுத்தாமல் தொட்டு நிற்கும் நிலையில் கேஸ்கெட்டிலிருந்து மிதவை வரை அளக்க வேண்டும். பித்தளை மிதவைக்கு 8.5 மி.மீ., பிளாஸ்டிக்குக்கு 12 மி.மீ. இரண்டையும் குழப்பினால் ஜெட் மாற்றி மாற்றியே பொழுது போய்விடும். பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. பந்தய பம்ப் போட்டால் ரெகுலேட்டரும் கட்டாயம். இல்லையென்றால் நீடில் வால்வு தாங்காமல் ஓவர்ஃப்ளோ ஆகும். எம்ஜிபியில் சைலன்சர் மேனிஃபோல்ட் நேர் கீழே இருப்பதால் அது தீ விபத்துக்கு வழி. வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் மாட்டவே கூடாது.

கார்புரேட்டரை இன்டேக் மேனிஃபோல்டோடு இறுக்கி முறுக்குவதும் தவறு. அதிர்வில் மிதவை அறைக்குள் பெட்ரோல் நுரைத்து, அதிக வேகத்தில் லீனாகிவிடும். ஓ-ரிங் பதித்த தகடு வைத்து, ஸ்பிரிங் வாஷரின் சுருள்களுக்கு இடையே சுமார் 0.5 மி.மீ. இடைவெளி விட்டு, தானாகத் தளராத நைலாக் நட்டால் நிறுத்துங்கள். ஓ-ரிங் பழசானால் காற்று இழுக்கும்; ஐட்லிங் நிலைக்காது.

இத்தாலியின் போலோன்யாவில் செய்த பழைய 45-ஐத் தேடுவோரும் உண்டு. தரமான வார்ப்புதான். ஆனால் ஸ்பிண்டில் (தட்டுகளைச் சுழற்றும் தண்டு) முறுகியிருந்தால் காற்றை அடைக்கும் இரண்டு பட்டர்ஃபிளை தட்டும் ஒன்றாக மூடாது, எந்த ட்யூனிங்கும் நிற்காது. பழைய வகைகளில் பைபாஸ் ஸ்க்ரூ இல்லாததும் உண்டு. 152-இல் இருப்பதால் இரண்டு துளைக்கும் காற்றைச் சமப்படுத்துவது சுலபம். எதை வாங்கினாலும் காரின் எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டில் பதிவாகியுள்ள கார்புரேட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். ஜெட் செட்டுக்கும் டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) வாடகைக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.