ஸ்ட்ரீமிங்கா, நேரடி விற்பனையா?

சென்னையில் சொந்தமாக இசை வெளியிடும் கலைஞருக்கு இன்று இரண்டு வழிகள்: ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங், அல்லது பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நேரடி விற்பனை.

ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கி, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதமோ அதன்படி பாட்டின் உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க ஒரு மயிலாப்பூர் வீணைக் கலைஞரை மட்டுமே கேட்டாலும், உங்கள் சந்தாவில் பெரும்பகுதி எல்லோரும் கேட்கும் சினிமாப் பாட்டுகளுக்குத்தான் போகும். 30 விநாடி தாண்டினால் ஒரு கேட்பு. அதனால் ஒரே பதிவாக ஏற்றிய அரை மணி நேர ராகம் தானம் பல்லவிக்கும் மூன்று நிமிடப் பாட்டுக்கும் ஒரே கணக்கு! கச்சேரி இசைக்கு இது பெரிய அநியாயம். போதாததற்கு, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே (பதிவின் உரிமையாளருக்குச் சேரும் பங்கு) இல்லை.

பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். 300 ரூபாய் ஆல்பத்தை 50 பேர் வாங்கினால் 12,750 ரூபாய். அதில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. ஆனால் புது ரசிகர்கள் தானாக வந்து சேர்வது அங்கே கடினம்.

சரி, எதை எடுப்பது? ஓரிரு பாட்டுகளை ஸ்ட்ரீமிங்கில் விடுங்கள். முழுக் கச்சேரிப் பதிவை மட்டும் விலை வைத்து விற்றுவிடுங்கள்.