தோண்டும் முன் லைன் தேட: கேமராவா, ஜிபிஆரா, கடப்பாரையா?

சேலத்தில் எந்தத் தெருவைத் தோண்டினாலும் முதல் மூன்று நான்கு அடிக்குள் வருவது அநேகமாக ஒரே பட்டியல்தான். குடிநீர் பைப், அதிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் இணைப்புகள், இபி கேபிள், பைபர் கேபிள், யாருக்கும் பயன்படாத பழைய டெலிபோன் கேபிள். வீட்டுச் சாக்கடைக் குழாய்களும் இவற்றின் ஊடேதான் மேன்ஹோலை நோக்கிப் போகும். எது எந்த இடத்தில், எத்தனை அடியில் என்பதுதான் சிக்கல். வரைபடம் கிடைத்தாலும் அதிலுள்ள ஆழத்தை அப்படியே நம்ப முடியாது. ரோட்டின் மேல் ரோடு போட்டு மட்டம் ஏறியிருக்கும். செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளின் குறுகலான சந்துகளில் ஒரே பள்ளத்தில் மூன்று லைன் ஒட்டிக் கிடப்பதும் உண்டு.

பொக்லைன் இறங்கும் முன் தேடிப் பார்க்க நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது: கையால் சோதனைக் குழி, ஜிபிஆர் எனப்படும் தரை ரேடார், சோண்ட் (சிக்னல் அனுப்பும் சிறு கருவி) பொருத்திய சாக்கடைக் கேமராவும், அந்தச் சிக்னலைத் தரைக்கு மேலிருந்து பிடிக்கும் லொக்கேட்டரும் சேர்ந்த ஜோடி. நாங்கள் சொந்தமாக வாங்கியது கேமராவும் லொக்கேட்டரும். ஜிபிஆரைத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கிறோம். கைக்குழியை எந்த வேலையிலும் விடுவதில்லை. அந்த முடிவுக்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் காகித வேலை. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மார்ச்சில் கொண்டுவந்த ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் தோண்டப்போகும் இடத்தைப் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். பதியுங்கள். பதிந்துவிட்டோம் என்று தேடலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கைக்குழி

இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எந்தக் கருவி காட்டினாலும் கண்ணால் பார்த்தால்தான் உறுதி. குறி போட்ட கோட்டின் மேலேயே தோண்டாமல், அரை மீட்டர் தள்ளி இறங்கிப் பக்கவாட்டில் நெருங்க வேண்டும். கேபிளைக் குத்துவது பெரும்பாலும் மம்பட்டி இல்லை, கடப்பாரைதான். சேலத்தின் சரளை மண்ணில் கடப்பாரை இல்லாமல் வேலை நடக்காது என்பது உண்மை. ஆனால் குறிக்கு இருபுறமும் அரை மீட்டருக்குள் அதை ஓங்கிப் போடக் கூடாது. நெம்பி எடுக்க மட்டுமே. சிவப்பு எச்சரிக்கை டேப், வரிசையாக அடுக்கிய செங்கல், சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாத எம்சாண்ட் என்று எது தென்பட்டாலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடியில் கேபிளோ குழாயோ இருப்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

ஜிபிஆர்

பிளாஸ்டிக் குழாய், கான்கிரீட் குழாய், ரோட்டடியில் விழுந்த பொந்து என்று உலோகம் இல்லாததையும் வெளியிலிருந்தே காட்டக்கூடியது இந்த மூன்று வழிகளில் இது ஒன்றுதான். உள்ளே நுழைய வழியே இல்லாத பிவிசி குடிநீர் லைனைத் தேட எங்கள் கையில் வேறு நல்ல கருவி கிடையாது.

ஆனால் அது நேரடியாக அளப்பது ஆழத்தை இல்லை, அலை போய்த் திரும்பும் நேரத்தை. அதை ஆழமாக மாற்ற அந்த மண்ணில் அலையின் வேகம் தெரிய வேண்டும். காய்ந்த மணற்பாங்கான மண்ணில் நானோ வினாடிக்கு ஏறத்தாழ 0.15 மீட்டர், ஈரக் களிமண்ணில் 0.06 மீட்டர். திரையில் 20 நானோ வினாடியில் குழாயைக் குறிக்கும் ஒரு வளைவு தெரிந்தால், முதல் மண்ணில் அது ஒன்றரை மீட்டர் ஆழம். இரண்டாவதில் 60 சென்டிமீட்டர்தான். வேகத்தைச் சரிசெய்யாமல் ஆழம் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஆழம் தெரிந்த ஒரு குழாயின் மேல் முதலில் ஓட்டி வேகத்தைச் சரிபார்க்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது ஈரம். சாக்கடை கசியும் இடத்தில்தான் நமக்குத் தேடல் அதிகம் தேவைப்படும். அங்கே மண் உப்பும் ஈரமுமாக இருப்பதால் அலை உள்ளே போவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும். களிமண் பாங்கான இடத்தில் மழைக்குப் பிறகு ஒரு மீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போகலாம். கல் நிறைந்த மண்ணிலோ நேர் எதிர்: ஒவ்வொரு உருண்டைக் கல்லும் குழாய் மாதிரியே ஒரு வளைவைக் காட்டும். கருவியை அடுத்தடுத்து ஓட்டும் கோடுகளில் அதே வளைவு தொடர்ந்தால் குழாய், ஒரே கோட்டோடு நின்றால் கல். அதனால்தான் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டச் சொல்கிறார்கள். ஏற்காட்டுச் சரிவுகளில் ஜிபிஆர் ஓட்டிய அனுபவம் எங்களுக்குக் குறைவு, அதனால் அந்த இடங்களுக்கு அதைப் பற்றி அழுத்திச் சொல்லவில்லை.

கேமரா, சோண்ட், லொக்கேட்டர்

லொக்கேட்டரில் இரண்டு பகுதி: சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், அதைத் தரைக்கு மேலே பிடிக்கும் ரிசீவர். தனியாக இருந்தால் அது கேபிளையும் இரும்புக் குழாயையும் பிடிக்கும். டிரான்ஸ்மிட்டரின் ஒரு வயரைக் குழாயில் மாட்டி, எர்த் கம்பியைக் குழாய்க்குக் குறுக்காகத் தள்ளி அடித்து, சிக்னலைப் பின்தொடர வேண்டும். மின்சாரம் ஓடும் கேபிளில் இப்படி வயரை மாட்டவே கூடாது. அதற்குக் கேபிளை வெளியிலிருந்து கவ்வும் கிளாம்ப் இருக்கிறது. வயர் மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்து இண்டக்‌ஷனில் தேடும்போது ரிசீவர் குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியிருக்கட்டும். கிட்டே இருந்தால் காற்று வழியாக வரும் சிக்னலையே குழாய் என்று காட்டும். பீக் முறையும் (லைனின் மேல் சிக்னல் உச்சமாகும்) நல் (null) முறையும் (லைனின் மேல் சிக்னல் மறையும்) ஒரே இடத்தைக் காட்டினால் நம்பலாம். ஒரு சாண் அளவு விலகினாலே பக்கத்தில் இன்னொரு லைன் சிக்னலை இழுக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டோன்வேர் (சுட்ட மண்), பிவிசி, ஹியூம் (கான்கிரீட்) பைப் எதிலும் லொக்கேட்டரின் சிக்னல் ஓடாது. சாக்கடையோ முக்கால்வாசி இவற்றில்தான். அங்கேதான் சோண்ட் வேண்டும்: கேமராத் தலைக்குப் பின்னால் இருக்கும் சிறு டிரான்ஸ்மிட்டர், பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ். இந்த அலைவரிசை வார்ப்பிரும்பையும் தாண்டி மேலே வரும் என்பதால் எல்லாக் குழாய்க்கும் பொருந்தும். குழாய் உடைந்த இடத்தைத் திரையில் பார்த்து, அங்கேயே கேமராவை நிறுத்தி, மேலே ரிசீவரை வைத்துக் குறி போடலாம். குழாய்க்கு உள்ளே என்ன கோளாறு, அது தரையில் எந்த இடம் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் தரும் வழி எங்களுக்குத் தெரிந்து இதுதான்.

தேடும்போது மூன்று விஷயம். கேபிள் தேடும்போது ரிசீவரின் தட்டையான உடற்பகுதியை லைனுக்குக் குறுக்காகப் பிடிப்போம், சோண்டுக்கு லைனின் நீளவாக்கில் பிடிக்க வேண்டும். இரண்டாவது, உண்மையான உச்சத்துக்கு முன்னும் பின்னும் போலி உச்சம் ஒன்று வரும். நடுவில் இருப்பதுதான் சரி. அதன் இருபுறமும் சிக்னல் அடியோடு மறையும் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை 0.7-ஆல் பெருக்கினால் ஆழம் வரும். திரையில் காட்டும் ஆழத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரிசீவரை அரை மீட்டர் தூக்கினால் ஆழமும் அரை மீட்டர் கூட வேண்டும், கூடாவிட்டால் அந்த அளவை எழுதாதீர்கள். மூன்றாவது, சோண்ட் கிடப்பது குழாயின் அடியில். 110 மில்லிமீட்டர் பைப்பில் 1.20 மீட்டர் காட்டினால் பைப்பின் தலை ஏறத்தாழ 1.10-இலேயே வந்துவிடும். அந்தப் பத்து சென்டிமீட்டரில்தான் பொக்லைன் பக்கெட்டின் பல் குழாயைக் கிழிக்கும்.

கேமராவைத் தள்ளும் ராடு எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லும் மீட்டர் கவுண்டரை மட்டும் வைத்துத் தோண்டாதீர்கள். பெரிய குழாயில் ராடு நெளிந்து போகும். 22 மீட்டர் என்று கவுண்டர் காட்டும் இடம் தரையில் 21-க்குள்ளேயே முடிந்திருக்கலாம்.

ஏற்காட்டில் இந்த ஜோடி இன்னும் கைகொடுக்கிறது. பழைய பங்களாக்களில் செப்டிக் டேங்க் மூடி தோட்டத்து மண்ணுக்குள் போயிருக்கும். கழிவறைச் சேம்பரிலிருந்து ராடை விட்டால் டேங்க் வாயில் போய் நிற்கும், மேலே குறி போட்டுவிடலாம். காபித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கின் வேர் குழாய் இணைப்பில் நுழைந்திருந்தால் அதுவும் திரையில் தெரியும். ஆனால் அங்கே ஒரு சாண் ஆழத்தில் ஓடும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் தண்ணீர் ஹோஸை இது காட்டாது. அதற்கு இன்றும் கைக்குழிதான்.

ஆள் பாதுகாப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது. மேன்ஹோலுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்து, நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும். பார்ப்பதற்காகக்கூட யாரும் இறங்க வேண்டாம். கேமரா இருக்கும்போது இறங்க எந்தக் காரணமும் இல்லை.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு

ஜிபிஆர் ஒன்றின் விலையில் பல லொக்கேட்டர் வாங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விலையைவிட, வாங்கிய பிறகு எதை யார் பழுது பார்ப்பார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. ஜிபிஆர் கோளாறானால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். கேமராவில் உடையக்கூடியது எது என்பது முன்கூட்டியே தெரியும், பாதியை இங்கேயே சரிசெய்யலாம்.

உடைவது பெரும்பாலும் ராடின் முதல் ஒரு மீட்டர், தலைக்குப் பின்னால் ஸ்பிரிங் முடியும் இடம். குழாய் வளைவில் (பெண்ட்) மாட்டியதை முன்னால் தள்ளித் தள்ளி விடுவிக்கப் பார்த்தால் உள்ளிருக்கும் செம்புக் கம்பி அறும். படம் நடுங்கி, பிறகு கறுப்பாகும். அந்த ஒரு மீட்டரை வெட்டிவிட்டுப் புதிதாக டெர்மினேஷன் (கம்பி முனையைத் தலையோடு மறுபடி இணைப்பது) செய்யலாம். சால்டரிங் தெரிந்தவர், சரியான கிட், மல்டிமீட்டர் போதும். வாங்கும் முன் விற்பவரிடம் இதை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். கிட்டும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ராடு மொத்தமும் மாற்ற வேண்டி வந்தால் மலிவாக வாங்கியதன் லாபம் அதிலேயே போய்விடும்.

உடையாமல் காக்கும் பழக்கங்கள் சாதாரணமானவை. குழாயில் முதலில் தண்ணீர் விடுங்கள். அடைப்பைக் கேமராவால் குத்தாதீர்கள், அது ஜெட்டிங் (அழுத்த நீரைப் பாய்ச்சும்) வேலை. கை குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு தள்ளுக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம். கை தள்ளியிருந்தால் சேம்பர் வாயில் ராடு வளைந்து மடங்கும். இழுக்கும்போது ரீலைச் சுற்றி இழுக்காமல், கையுறையோடு துணியால் துடைத்துக்கொண்டே கையால் இழுத்துப் பிறகு சுற்றுங்கள். மணல் ஒட்டிய ராடு ரீலுக்குள் போனால் முதலில் கெடுவது ரீல் சுழலும்போதும் மின் இணைப்பை விடாமல் வைக்கும் ஸ்லிப் ரிங். பிளீச்சிங் கலந்த நீரில் நனைத்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். நம் ஊர் போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் லென்ஸ் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். கடைசியாக ஆர்ஓ தண்ணீர் ஒரு தம்ளர் ஊற்றித் துடைப்பது போதும். தலைக்குள் நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு அவ்வப்போது சிலிக்கோன் கிரீஸ்.

வாங்காமல் வாடகைக்கு எடுப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கேமராவைத் தரையில் நீட்டி வைத்து, ரிசீவரைச் சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து ஆழம் பாருங்கள். 95 முதல் 105 சென்டிமீட்டருக்குள் வந்தால் எடுங்கள். வேலை முடிந்ததும் மீட்டர் அளவும் தேதியும் பதிந்த வீடியோவோடு, ஒவ்வொரு குறியின் ஆழமும் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொக்லைன் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.